குப்பத்துக்கு ஒரு கட்டம்

ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா போட்ட டீயைப் பாதியில் வைத்துவிட்டு நான் எழுந்து மாடிக்குப் போனேன் அல்லவா, அது கோபம்தான். ஆனால் உன்மேல் வந்த கோபம் இல்லை. நீ கேளம்பாக்கத்து ஃப்ளாட்டிலிருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்து, நம் ஆம்புலன்ஸ் சங்கத்துக்காக நீயே உட்கார்ந்து செய்த நன்கொடைப் பக்கத்தைத் திறந்து காட்டினாய். நன்றாகத்தான் இருந்தது. நம் ஆம்புலன்ஸ் படம், கீழே கார்டில் பணம் கட்டும் இடம், எல்லாம் பளிச்சென்று இருந்தது. அப்புறம் பெயர் என்று போட்டிருந்த கட்டத்தைக் காட்டினாய். பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். "இத நிரப்பலன்னா அடுத்த பக்கம் போகாது அத்தா" என்றாய் பெருமையாக. அதற்கும் கீழே 'முதல் பத்து நன்கொடையாளர்கள்' என்று ஒரு பட்டியல். அதைப் பார்த்ததும் எனக்கு டீ இறங்கவில்லை. படியேறும்போது நீ அம்மாவிடம், "அத்தாவுக்கு கம்ப்யூட்டர் புரியல, விடும்மா" என்று சொன்னதும் காதில் விழுந்தது. டேய், இந்தப் புதுப்பட்டினத்தில் முதன்முதலாக மொட்டைமாடியில் டிஷ் வைத்து, வீட்டுக்கு வீடு கம்பி இழுத்து, உலகத்தைக் கொண்டுவந்து காட்டியவன் உன் அத்தா. எனக்கா புரியாது? புரிந்ததால்தான் எழுந்து போனேன்.

நேரில் சொல்ல ஆரம்பித்தால் என் குரல் உயரும். உன் குரலும் உயரும், நீ என் பிள்ளை. உன் அம்மா நடுவில் வந்து, "ஏங்க, புள்ள வந்ததே ஒரு நாளு" என்பாள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதனால் கடையில் ஆள் வராத மதிய நேரங்களில் உட்கார்ந்து மூன்று நாளாக இதை எழுதுகிறேன். டிவி ரிப்பேரில் சால்டரிங் கம்பி பிடித்துப் பழகிய கை, எழுத்து கொஞ்சம் கோணும், பொறுத்துக்கொள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சங்கத்துக்கு உன்னைச் செயலாளராகப் போடலாம் என்று கூட்டத்தில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். என் மகன் என்பதற்காகத் தூக்கவில்லை. உனக்கு முடியும் என்று எனக்குத் தெரியும். பழைய வண்டிக்குப் பதில் புது ஆம்புலன்ஸ் வாங்க அடுத்த மாதம் நீ நடத்தப்போகிற விழா நன்றாக நடக்கும், பணமும் வரும். அதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. எனக்கு இருக்கும் கவலை ஒரே ஒரு கட்டத்தைப் பற்றியது.

நீ மீன் வண்டியில் பிறந்த கதையை உனக்குச் சொல்லிச் சொல்லி நீயே சலித்துப்போயிருக்கிறாய். முழுக்கச் சரியாகச் சொன்னால் நீ பிறந்தது செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலில், வண்டி நின்ற பிறகு. பட்டப்பகல். உன் அம்மாவுக்கு நாள் இன்னும் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். வலி வந்தபோது பஜாரில் இருந்த ஒரே வாடகைக் கார் மகாபலிபுரத்துக்குச் சவாரி போயிருந்தது. நான் ரோட்டில் நின்று வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் நிற்கவில்லை. நின்றது சதுரங்கப்பட்டினத்து மீனவக் குப்பத்தின் மீன் வண்டி. காலையில் மார்க்கெட்டில் மீன் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டியவன் தேசிங்கு. அப்போது எனக்கு அவனை முகம் மட்டும்தான் தெரியும். "இன்னா பாய், ரோட்ல நின்னுகினு கீற?" என்று கேட்டான். சொன்னேன். அவன் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. பின்னால் கிடந்த ஐஸ் தண்ணியைப் பெருக்கித் தள்ளினான், தன் வேட்டியை அவிழ்த்து விரித்தான், உள்ளே போட்டிருந்த கால்சட்டையோடு முப்பது கிலோமீட்டர் சொச்சம் ஓட்டினான். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை உன் அம்மா கத்தியது எனக்கு இன்றும் கேட்கிறது. நீ பிறந்தபோது உன்மேல் கொஞ்சம் வஞ்சிர வாசனை அடித்தது என்று நர்ஸ் சொன்னாள். இன்றுவரை நீ மீன் என்றால் இரண்டு தட்டு சோறு தின்பதற்கு அதுதான் காரணமோ என்னவோ.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோதே ஆம்புலன்ஸ் எண்ணம் வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். எண்ணம் வர இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பஜாரில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, வண்டி கிடைப்பதற்குள் போய்விட்டார். அவர் கடை என் கடைக்கு நேர் எதிரே. அதற்கப்புறம்தான் பஜார்க்காரர்களும், பக்கத்து அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் குடியிருந்த சம்பளக்காரர்கள் நாலைந்து பேரும், தேசிங்கும் சேர்ந்து சங்கம் ஆரம்பித்தோம். தேசிங்கு அதற்குள் பழகிப் பழகி எனக்குத் தம்பி மாதிரி ஆகிவிட்டிருந்தான், குப்பத்துக்கும் தலைவனாகியிருந்தான். அங்கே தலைவரை நாட்டார் என்பார்கள். நாட்டார் சொல் வாங்காமல் ஒரு போட்டுகூடக் கடலில் இறங்காத நாட்கள் உண்டு.

பணம் திரட்ட நாங்கள் முதலில் செய்தது பாட்டுக் கச்சேரி. டிக்கெட் அடித்தோம், சென்னையிலிருந்து குழு வரவழைத்தோம், மேடை, மைக் செட், ஜெனரேட்டர், போஸ்டர் என்று தடபுடல். ஜனம் வந்தது, கைதட்டியது, வீட்டுக்குப் போனது. எல்லாருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகு ஆம்புலன்சுக்கு ஒரு டயர் வாங்கக்கூட மிஞ்சவில்லை. பிறகு உன் அம்மாதான் சொன்னாள்: "வேடிக்கை பாக்க வந்தவன் டிக்கெட்டுக்குக் காசு குடுத்தாச்சுன்னு போயிடுவான். வேலை செய்ய வந்தவன்தான் நம்மளோடது இதுன்னு நெனைப்பான்." அடுத்த வருஷம் அவள் சொன்னபடி செய்தோம். டவுன்ஷிப்பில் திருநெல்வேலிக்காரர், மதுரைக்காரர், நாகர்கோவில்காரர், கோயம்புத்தூர்க்காரர் எல்லாரும் இருந்தார்கள். வீட்டுக்கு வீடு போய், உங்கள் ஊர்ச் சாப்பாட்டில் ஒன்றைச் செய்து கொண்டுவாருங்கள், விற்போம் என்று கேட்டோம். பஜார் அடுப்பும் பாத்திரமும் கொடுத்தது. குப்பம் மீன் கொடுத்தது. பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு நாள் முழுக்க சாப்பாட்டுத் திருவிழா. எங்கள் ஊர்க் குழம்புதான் முதலில் தீர்ந்தது என்று பெண்களுக்குள் போட்டி. அவரவர் வீட்டுக்காரர்கள் ஆபீஸ் முழுக்க ஆள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நீ அன்று எட்டுப் பரோட்டா தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாய். விழா எடுக்கிறவன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விழாவன்று உண்டியலில் விழுவது கொஞ்சம்தான். விழாவுக்கு முன்னால் ஒருவன் தன் வீட்டில் வெங்காயம் நறுக்கினானே, அவன்தான் பத்து வருஷம் நம்மோடு நிற்கிறவன். உன் லேப்டாப்பில் அவனுக்கும் ஒரு வேலை கொடு.

இனி என் வித்தையைச் சொல்கிறேன், என் தப்பையும் சேர்த்து. திருவிழாவின் கடைசிப் பகுதியை என் கேபிளில் நேரடியாகக் காட்டலாம் என்று எனக்கு ஒரு யோசனை. அந்தக் காலத்தில் கேபிள்காரன் ஒவ்வொருவனும் தன் ஊருக்கென்று ஒரு சேனல் வைத்திருந்தான். படம் போடுவான், பிறந்தநாள் வாழ்த்து போடுவான், நகைக்கடை விளம்பரம் போடுவான். நான் ஒரு கல்யாண வீடியோக்காரரின் கேமராவை வைத்து மைதானத்தைக் காட்டினேன். என்னிடம் திரையின் கீழே எழுத்து ஓடவிடும் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது, சென்னை ரிச்சி தெருவில் பழசாக வாங்கியது. வீட்டிலிருந்து பார்க்கிறவர்கள் என் கடைக்கு போன் செய்து தொகை சொல்லலாம். சொன்ன அடுத்த நிமிஷம் அவர் பெயர், இனிஷியல், தெரு, தொகை எல்லாம் திரையில் ஓடும். ஊரே பைத்தியம் பிடித்தது போல ஆகிவிட்டது. இனிஷியலில் ஒரு எழுத்து மாறிவிட்டது என்று ஒருவர் மறுபடி போன் செய்து, சரியாகப் போடச் சொல்லி, அதற்காகவே இன்னொரு தொகையும் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் பெயர் ஓடியதும் இவருக்குத் தூக்கம் வராது. நான் கால்மணிக்கு ஒரு தடவை முதல் பத்துப் பேரின் பட்டியல் போட்டேன். ஆமாம், உன் பட்டியலேதான். நீ பிறவியிலேயே என் பிள்ளை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரத்தில்தான் தேசிங்கு கடைக்கு வந்தான். கையில் ஒரு துணிப்பை. குப்பத்தில் ஒரு பழக்கம் உண்டு, உனக்குத் தெரியுமோ தெரியாதோ. பொதுக் காரியம் ஒன்று வந்தால் ஒரு நாள் குறிப்பார்கள். அன்றைக்குக் கட்டுமரம், ஃபைபர் படகு எல்லாமே கடலில் இறங்கும். அன்று விழுகிற மீன் யாருக்கும் சொந்தமில்லை. ஒருவனுக்கு மீன்பாடு நிறைய விழும், ஒருவனுக்கு வலை காலியாக வரும், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி ஏலம் விட்டு வருவது குப்பத்தின் பணம். ஆம்புலன்சுக்காக அப்படி ஒரு நாள் இறங்கியிருந்தார்கள். அன்று மாலைவரை எனக்கு வந்த எல்லாத் தொகையையும்விட அந்தப் பையில் இருந்தது பெரியது.

"யார் பேர்ல போடறது?" என்று கேட்டேன், விரல் கீபோர்டில் இருக்க.

"பேரு இன்னாத்துக்கு? குப்பம் குட்த்துச்சி."

"பேரு, இனிஷியல், தெரு கேக்குது இதுல."

"பேரு இல்லாங்காட்டி உன் மிஷினு ஒத்துக்காதா? குப்பம்னு போடு பாய். வேற இன்னா போடுவ?" சிரித்துவிட்டு, மைதானத்தில் மீன் வறுவல் கடையைப் பார்க்க வேண்டும் என்று போய்விட்டான்.

நான் குப்பம் என்று அடித்தேன். அடித்துப் பார்த்தேன். எல்லாப் பெயருக்கும் மேலே, முதல் இடத்தில், வெறுமனே 'குப்பம்'. எனக்கு அது குறையாகப் பட்டது. டவுன்ஷிப்பில் பார்க்கிறவர்களுக்கு என்ன புரியும் என்று நினைத்தேன். அதைவிட இன்னொன்று நினைத்தேன். என் மனைவியையும் மகனையும் காப்பாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் இவன், இதுவரை ஒரு டீயைத் தவிர என்னிடம் எதுவும் வாங்கிக்கொண்டதில்லை, இவன் பெயர் ஊரில் எல்லார் பெயருக்கும் மேலே ஓடட்டும் என்று ஆசைப்பட்டேன். குப்பம் என்பதை அழித்தேன். 'திரு. ஆ. தேசிங்கு, சதுரங்கப்பட்டினம்' என்று அடித்து, கூடவே மேளச் சத்தமும் போட்டேன். பெயர் மூன்று தடவை ஓடியது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு பெரிய நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைப்பு.

குப்பத்துப் பொதுக் கட்டடத்தில் ஒரு கலர் டிவி இருந்தது. அதற்கு ஓசியில் கேபிள் இழுத்துக் கொடுத்தவனும் நான்தான். மொத்தக் குப்பமும் அதன் முன்னால் உட்கார்ந்து தங்கள் பெயர் வருமென்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

மூன்றாம் நாள் அஞ்சலை நம் வாசலில் கூடையை இறக்கினாள். உனக்கு அவளைத் தெரியும், நம் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவருகிறவள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். உன் அம்மாவிடம் அவள் சொன்னதை நான் உள்ளேயிருந்து கேட்டேன். "கோயிலாண்ட கூட்டம் போட்டுக் கேட்டாங்க. எங்க மீன் காச குட்த்து உன் பேர போட்டுகினியான்னு. அந்தாளு ஒரு வார்த்த பேசல. தப்பு நடந்துபோச்சின்னான். நாட்டாரு வேலைய வுட்டுட்டுப் போய்ட்டான். நான்கூட ஏசிட்டேன் அம்மா. என் அண்ணன் மவன் வலையில விழுந்ததும் அதுல கீது இல்ல?" உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.

இனி சொல்லப்போவதை இதுவரை உன் அம்மாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது, ஆனால் நான் குப்பத்துக்குப் போகவில்லை. அன்று போகவில்லை, அடுத்த வாரமும் போகவில்லை. வண்டிக்கு முன்பணம் கட்டியிருந்தோம். மீதியைக் கட்ட அந்தப் பையில் வந்த பணம் வேண்டும். போய் நான்தான் போட்டேன் என்று சொல்லி, கோபத்தில் குப்பம் பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டால் வண்டி போயிற்று. வண்டி வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஊர் நன்மைக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதோடு உள்ளுக்குள் ஒரு வீம்பும் இருந்தது. மரியாதை செய்யத்தானே போட்டேன், இதைப் போய் இவ்வளவு பெரிசாக்குகிறார்களே என்று. நீ படித்தவன், உனக்கு இதைவிட நல்ல காரணங்கள் கிடைக்கும். உன்னிடம் அப்படிப்பட்ட காரணம் ஒன்று வந்து உட்காரும்போது என்னை நினைத்துக்கொள். ஒரு மனுஷன் எனக்காகத் தலைகுனிந்து நின்றான், நான் நல்ல காரியத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். நான் செய்ததிலேயே கேவலமானது அதுதான்.

வண்டி வந்தது. வெள்ளை வெளேரென்று பஜாரில் நிறுத்தி வைத்திருந்தோம். பெயின்டர் பக்கவாட்டில் முதல் பத்துப் பேரின் பெயரை எழுத அளவு எடுத்துக்கொண்டிருந்தார். முதல் பெயர் தேசிங்கு. அவர் அந்தப் பெயரைப் பென்சிலால் கோடு போட்டு எழுதுவதைப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகக் குப்பத்துக்குப் போனேன். தேசிங்கு கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் போட்டேன்னு ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன தகுதி இருந்தது.

அவன் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொன்னா துட்ட திருப்பிக் கேப்பானுங்க. வண்டி நின்னுபூடும். அன்னிக்கி அண்ணி கத்துனது எனக்கு மட்டும் மறந்துபூடுமா பாய்?"

நானும் அதே பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவன் தன் மானத்தைக் கொடுத்து மூடிக்கொண்டான், நான் அவன் மானத்தைக் கொடுத்து மூடிக்கொண்டேன். அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, எழுதிவிடுகிறேன்.

அன்று மாலை கோயில் பக்கத்தில் குப்பம் கூடியது. மைக் பிடித்துச் சொன்னேன். அவன் குப்பம் என்றுதான் போடச் சொன்னான், மாற்றியது நான், தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்ததும் நான் என்றேன். பிறகு அஞ்சலை எழுந்தாள். "எங்களாண்ட இன்னாத்துக்கு சொல்ற? டிவில போட்ட இல்ல. டிவில சொல்லு." பணத்தைத் திருப்பித் தா என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. நானும் அவனும் இத்தனை நாள் பயந்தது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஒரு வாரம், படத்தை நடுவில் நிறுத்தி நிறுத்தி, என் சேனலில் எழுத்து ஓடியது: 'ஆம்புலன்சுக்கு அதிகமாகக் கொடுத்தது சதுரங்கப்பட்டினம் குப்பம். தேசிங்கு பெயரில் போட்டது கேபிள்காரனின் தவறு.' டவுன்ஷிப்பில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். குப்பத்தில் தேசிங்கை மறுபடி நாட்டாராக இருக்கக் கேட்டார்கள். "ஒரு தபா எறங்குனா எறங்குனதுதான்" என்று மறுத்துவிட்டான். அதை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இந்தப் பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஆம்புலன்சை சம்பளம் வாங்காமல் ஓட்டுகிறானே, அதை அவன் எனக்குக் கொடுத்த மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவன் அப்படி ஒன்றும் சொன்னதில்லை.

உன் கம்ப்யூட்டரை நான் குறை சொல்வதாக எண்ணாதே. இப்போது நடப்பதில் பாதி அதனால்தான் நடக்கிறது. டவுன்ஷிப்பிலிருந்து மாற்றலாகிப் போனவர்களையும் ரிட்டயர் ஆனவர்களையும் ஈமெயிலில் ஒன்று சேர்த்தவன் நீ. காலேஜில் படிக்கும்போதே, ஒவ்வொரு தடவை வண்டி போய்வந்ததும் பணம் கொடுத்தவர்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும் என்று சொன்னாய். 'இன்று உங்கள் வண்டி செங்கல்பட்டு போனது. தாயும் பிள்ளையும் நலம்.' அவ்வளவுதான், பணம் கேட்டு ஒரு வார்த்தை கிடையாது. நான், வெட்டிச் செலவு என்றேன். அந்த வருஷம் கேட்காமலே பணம் வந்தது. மும்பையில் இருந்த ஒரு ரிட்டயர்டு மனுஷர் அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருப்பதாக போனில் சொன்னார். எனக்கு அத்தனை வருஷத்தில் புரியாததை நீ ஒரு வரியில் செய்தாய். கேட்பதற்குப் பயன்படுத்துவதைவிட, சொல்வதற்குப் பயன்படுத்தினால் இந்தச் சாமான்களுக்கு வலு அதிகம். நீ செய்துகாட்டியதைத்தான் உனக்குத் திருப்பிச் சொல்கிறேன்.

ஆனால் பெயர் விஷயம் வேறு. சுனாமியில் கடல் ஏறி வந்து போன பிறகு என்ன நடந்தது என்று நீயே பார்த்தாய். எங்கெங்கிருந்தோ உதவி வந்தது, புது ஃபைபர் போட்டுகள் வந்தன. கொடுத்தவர்கள் நல்லவர்கள்தான், ஒரு குறையும் சொல்லமாட்டேன். முன்னிருந்து பின்வரை பெரிய பெரிய எழுத்தில் அவர்கள் பெயர். கரையில் வரிசையாக நிற்கிற போட்டெல்லாம் ஒரே மாதிரி. தேசிங்கு ஒரு நாள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். "என் போட்டு எதுன்னு எனக்கே தெர்ல பாய்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெயர் பார்க்க ஆசைப்படுகிறவனைத் தப்பு சொல்லமாட்டேன். அவன் பெயரைப் போடு, ரசீது கேட்டால் ரசீது கொடு, வரிக்கு வேண்டும் என்றால் எல்லா விவரமும் வாங்கிக்கொள், சட்டம் என்ன கேட்கிறதோ அதை நீ என்னைவிட நன்றாக அறிவாய். அந்த முதல் பத்தை மட்டும் எடுத்துவிடு. பதினோராவது ஆள் அடுத்த வருஷம் வரமாட்டான். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்பு நட்சத்திரத்தையும் எடு. அதற்குக் கீழே இன்னொரு கட்டம் போடு, ஊராக, தெருவாக, ஆபீஸாக, சேர்ந்து கொடுக்கிறவர்களுக்கு. அங்கே தனி ஆள் பெயர் கேட்காதே. எத்தனை நேர வேலை அது? நீ அந்தப் பக்கத்தில் பூப்படம் வைக்க ஒரு ராத்திரி எடுத்துக்கொண்டதாக அம்மாவிடம் சொன்னாயே, அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அதற்கு முந்தின புதன்கிழமை தேசிங்கு கடைக்கு வந்திருந்தான். முடியெல்லாம் நரைத்துவிட்டது, கண்ணாடி போட்டிருக்கிறான். புது வண்டிக்காகக் குப்பம் மறுபடி ஒரு நாள் குறித்திருப்பதாகச் சொன்னான். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் எல்லாப் போட்டும் இறங்கப்போகிறது. இப்போதைய நாட்டார் சின்ன வயசுக்காரர், பையைக் கொண்டுபோய்க் கொடுக்க தேசிங்கையே அனுப்புவது என்று குப்பம் முடிவு செய்திருக்கிறது. அன்று அவனைக் கேள்வி கேட்ட அதே குப்பம். அதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் மாறியது. பிறகு டீயை ஊதிக்கொண்டே கேட்டான், "புள்ள கம்ப்யூட்டர்ல பண்ணிகினு கீறானாமே. அதுல குப்பத்துக்கு எடம் கீதா பாய்?"

"இருக்கு" என்றேன். நான் பக்கத்தைப் பார்த்திருக்கவில்லை. பார்க்காமலே சொன்னேன், என் மகன் செய்தது, இல்லாமலா போகும் என்று. நாலு நாள் கழித்து நீ லேப்டாப்பைத் திறந்தாய். நான் டீயை வைத்துவிட்டு எழுந்தது அதற்குத்தான். அவனிடம் இரண்டாவது தடவையும் நான் தப்பு செய்துவிட்டேனோ என்ற பயத்தில் எழுந்தேன்.

இந்தக் கவரில் ஒரு பழைய சீட்டு வைத்திருக்கிறேன், மடிப்பில் கிழிந்திருக்கும், பார்த்துப் பிரி. உன் அம்மா இத்தனை வருஷம் பீரோவில் வைத்திருந்தாள். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் போட்ட சீட்டு. நான் உள்ளே உன் அம்மாவோடு இருந்தேன். வெளியே மேசையில் ஒரு குமாஸ்தா, 'அழைத்து வந்தவர் பெயர்' என்ற கட்டத்தை நிரப்ப தேசிங்கைக் கேட்டிருக்கிறார். அவன் இடுப்பில் ஒரு கால்சட்டையோடு நின்றபடி, வழக்கம்போல, குப்பம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த மனுஷர் ஒன்றும் தகராறு செய்யவில்லை. நீல மையில் எழுதியிருக்கிறார், பார். அழைத்து வந்தவர்: குப்பம்.

அவரால் முடிந்தது. என்னால் முடியவில்லை. தேசிங்கு அடுத்த மாதம் பையோடு உன் மேசைக்கு வருவான், நீ எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கு.

உன் அத்தா